சீலிங் லைட்டை நீங்களே மாத்தப் போறீங்களா? சுவிச்சை நூத்தா மட்டும் காணாது

சித்தப்பா கொழும்பு வெள்ளவத்தையில வாடகைக்கு இருந்த வீட்டில ஹோல் லைட்டை மாத்த ஏறினவர். சுவிச்சை நூத்திட்டுத்தான் ஏறினவர், ரெண்டு மூண்டு தரம் போட்டு நூத்துப் பாத்து லைட் எரியேல்ல எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச பிறகுதான் ஹோல்டர்ல கை வைச்சவர், எண்டாலும் கரண்ட் அடிச்சுது. அடிச்சதை விட விழுந்ததுதான் பெரிய காயம், பிளாஸ்டிக் கதிரையில நிண்டவர் அப்பிடியே டைல்ஸில விழுந்து மணிக்கட்டு உடைஞ்சு ஒண்டரை மாசம் கட்டோட திரிஞ்சவர். பிறகு வந்த வயரிங் பாஸ் மேல ஏறிப் பாத்திட்டு சொன்ன விசயம் இதுதான்: அந்த வீட்டில சுவிச்சை லைவ் வயர்ல போடாம நியூட்ரல் வயர்ல போட்டிருந்திருக்கினம்.

விளங்கேல்லையெண்டா இப்பிடி யோசியுங்கோ. பல்ப் எரிய ரெண்டு வயர் வேணும், ஒண்டில கரண்ட் வருது, அது லைவ், மற்றதால திரும்பிப் போகுது, அது நியூட்ரல். வாற வயரை சுவிச் வெட்டினா மேல ஒண்டும் இல்லை. போற வயரை வெட்டினாலும் பல்ப் நூரத்தான் செய்யும், ஆனா வாற வயர்ல 230 வோல்ட் அப்பிடியே ஹோல்டர் வரைக்கும் வந்து நிக்கும், நீங்க தொட்டா உங்கட உடம்புக்குள்ளால போகும். கீழ நிண்டு பாக்கிற ஆளுக்கு ரெண்டும் ஒரே மாதிரி நூந்த லைட்தான்.

சுவிச்சை சரியான வயர்ல போட்டிருந்தாலும் இன்னொரு விசயம் இருக்கு. கன வீடுகள்ல சீலிங் ரோஸுக்குள்ளேயே, அதுதான் லைட் வயர் சீலிங்கில வந்து முடியிற வட்ட மூடிக்குள்ளேயே, லூப் அடிச்சிருப்பினம், அதாவது ஒரு அறை லைட்டுக்கு வந்த லைவ் வயர் அங்க நிண்டு அடுத்த அறைக்குப் போகும், அதில இருந்து ஒரு கிளை சுவிச்சுக்கு இறங்கி திரும்பி மேல வரும். அந்த அறைச் சுவிச்சை நூத்தாலும் அந்த லூப் வயர்ல கரண்ட் நிக்கும், ஏனெண்டா அடுத்த அறை லைட்டுக்கு அதாலதான் போகுது. இந்தக் கட்டுரையில வேற எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்காதேங்கோ: சுவத்து சுவிச் லைட்டை நூக்கத்தான், உங்களைக் காப்பாத்த இல்லை.

இது உங்கட வேலையா எண்டு முதல்ல பாருங்கோ

இருக்கிற லைட்டைக் கழட்டிட்டு அதே இடத்தில அதே வயர்ல புது லைட் பூட்டுறது ஒரு புது ஆள் ஆறுதலாச் செய்யக்கூடிய வேலை. புதுசா ஒரு பொயின்ட் இழுக்கிறது, சுவிச் இடம் மாத்துறது, பிரேக்கர் சுவிச்சுகள் இருக்கிற டீபி போர்டுக்குள்ள கை வைக்கிறது எல்லாம் வேற விசயம், அதுக்கு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கோ, கூப்பிடேக்க என்.வி.கியூ. (தொழில் தகைமை) லெவல் 3 சேர்ட்டிபிக்கேட் இருக்கோ எண்டு கேக்கிறதில வெக்கப்பட ஒண்டும் இல்லை.

பழைய லைட்டின்ர மூடியைக் கழட்டினாப் பிறகும் நிப்பாட்ட வேண்டி வரலாம். கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டிப் பக்கம் பழைய வீடுகள்ல ரப்பருக்கு மேல துணி சுத்தின வயர் இன்னும் இருக்கு, அதைக் கொஞ்சம் வளைச்சாலே ரப்பர் பொடியாக் கொட்டும், செப்பு வெளிய தெரியும். அதைக் கண்டா டேப் சுத்தி சமாளிக்கப் போகாதேங்கோ, மூடியைத் திருப்பிப் பூட்டிட்டு ஆளைக் கூப்பிடுங்கோ. வயர் கருகியிருந்தாலும் சீலிங்கில தண்ணி ஒழுகின மஞ்சள் கறை இருந்தாலும் அதேதான்.

சீலிங் அஸ்பெஸ்டஸ் தகடெண்டா அதில டிரில் போடவே வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது, வருத்தம் வர இருபது முப்பது வருசம் எடுக்கும், அதால இண்டைக்கு ஒண்டும் தெரியாது எண்டதுதான் அதின்ர பயங்கரம். பழைய ஓட்டையிலேயே புது லைட் பூட்ட ஏலுமெண்டா பூட்டுங்கோ, இல்லாட்டி விடுங்கோ.

வாடகை வீடெண்டா வீட்டுக்காரரிட்ட ஒரு சொல்லு சொல்லிட்டுச் செய்யுங்கோ, கழட்டின லைட்டை எறியாம பெட்டிக்குள்ள வைச்சிருங்கோ, வீட்டை விட்டுப் போகேக்க கேப்பினம்.

சாமான் வாங்குறது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனா லைட் கடை வரிசையா இருக்கு, விலையும் குறைவு, ஆனா போக முதல் வீட்டில மூண்டு விசயம் பாத்துக்கொண்டு போங்கோ. பழைய லைட்டின்ர அடி எவ்வளவு அகலம், ஏனெண்டா புதுசு அதை விடச் சின்னனெண்டா பழைய ஓட்டையும் பெயின்ட் அடிக்காத வட்டமும் வெளிய தெரியும். ரெண்டாவது, மேல எர்த் வயர் இருக்கா. மூண்டாவது, சீலிங் என்னத்தில செஞ்சது, கொங்கிரீட்டா பலகையா பிளாஸ்டிக் பனலா.

எர்த் ஏன் கேக்கிறனெண்டா, உலோக உடம்பு உள்ள லைட்டுக்கு எர்த் வயர் கட்டாயம் வேணும். உள்ள ஒரு லைவ் வயர் கழண்டு உடம்பில பட்டா அந்தக் கரண்ட் எர்த்தால ஓடி ட்ரிப் சுவிச்சை விழுத்தும், எர்த் இல்லாட்டி அந்த லைட் முழுக்க கரண்டோட சும்மா தொங்கிக்கொண்டு இருக்கும், ஒருநாள் தூசி தட்டப் போற ஆளுக்குத்தான் தெரிய வரும். பழைய வயரிங்கில லைட்டுக்கு எர்த் கொண்டு வராம விட்டது கன இடத்தில இருக்கு. உங்கட வீடும் அப்பிடியெண்டா பிளாஸ்டிக் உடம்பு லைட் வாங்குங்கோ, அதின்ர லேபல்ல ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம் கீறியிருக்கும், அந்த அடையாளம் இருந்தா எர்த் தேவையில்லாத மாதிரி ரெட்டை இன்சுலேசனோட செஞ்சது எண்டு அர்த்தம்.

வெறும் ஹோல்டர் உள்ள லைட் வாங்கினா கடையில "பின் த, ஸ்க்ரூ த" (பின்னா ஸ்க்ரூவா) எண்டு கேப்பினம், வீட்டில இருக்கிற பல்ப் எதெண்டு பாத்திட்டுப் போனா திரும்பி அலைய வேண்டாம். இப்ப கனபேர் வாங்குறது பல்ப் இல்லாத வட்ட எல்.ஈ.டி. பனல்தான். பழைய 60 வோட் குண்டு பல்ப் தந்த வெளிச்சத்தை 9 வோட் எல்.ஈ.டி. தரும், சின்ன அறைக்கு 12 வோட் காணும், ஹோலுக்கு 18 இல்லாட்டி 24. வெளிச்சத்தின்ர நிறமும் பெட்டியில போட்டிருக்கும், 6500 எண்டா வெள்ளை, 3000 எண்டா மஞ்சள். படுக்கை அறைக்கு 6500 போட்டிட்டு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கெண்டு பிறகு கவலைப்பட்ட ஆக்கள் எனக்குத் தெரியும், கடையில ரெண்டையும் எரிய விட்டுக் காட்டச் சொல்லுங்கோ.

இதோட வயர்களைச் சேத்து இறுக்க ஒரு கனெக்டர் பார், இன்சுலேசன் டேப், ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள்ள விடுற ரோல் பிளக், ஸ்க்ரூ. காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிற ஆக்கள் இரும்பு ஸ்க்ரூ வாங்காதேங்கோ, உப்புக் காத்தில ரெண்டு வருசத்தில துருப்பிடிச்சு அடுத்த முறை கழட்ட வராது, பித்தளை இல்லாட்டி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கோ. அடுத்தது வயர்ல கரண்ட் இருக்கோ எண்டு அளந்து பாக்கிற மல்டிமீட்டர். இதில மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

டெஸ்டர் ஸ்க்ரூட்ரைவரை ஏன் நம்பக் கூடாது

எல்லா வீட்டிலயும் ஒரு டெஸ்டர் இருக்கும், பின்னுக்கு விரலை வைச்சா சின்ன லைட் எரியும். அது எரியிறது உங்கட உடம்புக்குள்ளால மிகச் சின்னக் கரண்ட் நிலத்துக்குப் போறதால. நீங்க காய்ஞ்ச மர ஏணியில ரப்பர் செருப்போட நிண்டா அந்தக் கரண்ட் போக வழி குறைவு, அதால வயர்ல 230 வோல்ட் இருந்தாலும் டெஸ்டர் மங்கலா எரியும், பகல் வெளிச்சத்தில அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நீங்க பாதுகாப்பா நிக்க நிக்க அது பொய் சொல்லுற சான்ஸ் கூடுது. மற்றப் பக்கம், கரண்ட் இல்லாத வயரும் பக்கத்து வயரால தூண்டப்பட்டு டெஸ்டரை எரிய வைக்கும். "எரிஞ்சா கவனம்" எண்டதுக்கு டெஸ்டர் சரி, "எரியேல்ல, தொடலாம்" எண்டு முடிவெடுக்க அது சரியில்லை.

கரண்டை வெட்டுறது

காலமை ஆரம்பியுங்கோ. வெளிச்சம் வேணும், அதோட சித்திரை மாசமும் ஒக்டோபர் நவம்பரும் கொழும்பில பின்னேரம் இடி மின்னலோட மழை வரும், அந்த நேரம் வயர்ல கை வைக்கிற வேலை வேண்டாம்.

முதல் தரம் செய்யிற ஆள் லைட் பிரேக்கரை மட்டும் விழுத்தாம மெயின் சுவிச்சையே நூருங்கோ. பிரிட்ஜ் ஒரு மணித்தியாலம் நிண்டா ஒண்டும் ஆகாது. ஏன் மெயின் எண்டா, சின்ன பிரேக்கர் லைவ் வயரை மட்டும்தான் வெட்டும், நியூட்ரலை விட்டிடும். வயரிங் மாறியிருந்தா, இல்லாட்டி வேற லைனில இருந்து நியூட்ரலைக் கடன் எடுத்து ஓட்டியிருந்தா, பிரேக்கர் விழுந்த பிறகும் அந்த வயர் உங்களை அடிக்கும். மெயின் சுவிச் ரெண்டு வயரையும் சேத்து வெட்டும். பழைய வீட்டில பீங்கான் கட்அவுட் இருந்தா மெயினை நூத்த பிறகு அந்த பியூஸைக் கழட்டி உங்கட பொக்கெட்டுக்குள்ள போடுங்கோ. மீட்டருக்கும் அதுக்கு முன்னால இருக்கிறதுக்கும் மின்சார சபை சீல் வைச்சிருக்கும், அந்தப் பக்கம் கையே போகக் கூடாது.

அனெக்ஸில இருக்கிற ஆக்கள் இதை வடிவா வாசியுங்கோ. கொழும்பில கன அனெக்ஸுக்கு மெயின் வீட்டுக்காரரின்ர பக்கத்தில இருக்கும், நீங்க மேல ஏறி நிக்கேக்க அங்க ஆரோ ஒருத்தர் "ஏன் கரண்ட் இல்லை" எண்டு வந்து சுவிச்சைத் தூக்கிப் போட்டா கதை முடிஞ்சுது. முதல்லயே போய்ச் சொல்லுங்கோ, சுவிச்சுக்கு மேல டேப் ஒட்டி சிங்களத்திலயும் தமிழிலயும் எழுதி வையுங்கோ, ஏலுமெண்டா ஒரு ஆளைப் பக்கத்தில நிப்பாட்டுங்கோ.

கரண்ட் கட் நேரத்தில செய்யலாம்தானே எண்டு சிலபேர் நினைப்பினம். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலத்தில எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேர் அப்பிடித்தான் வீட்டு வயரிங் வேலை செஞ்சவை, டைம்டேபிள் இருக்கெண்டு நம்பினவை. டைம்டேபிளுக்கு முதலே கரண்ட் வந்த நாளும் இருந்தது. வெளியில கரண்ட் இல்லாட்டியும் உங்கட மெயின் நூந்திருக்க வேணும். பிளட்டில ஜெனரேட்டர் இருந்தா அதுவும் தன்பாட்டில எழும்பும். வீட்டில பற்றரியோட இன்வேட்டர் பூட்டியிருந்தா அது இன்னும் ஆபத்து, மெயினை நூத்த உடன அது "கரண்ட் போட்டுது" எண்டு நினைச்சு லைட் லைனுக்கு கரண்ட் குடுக்கும். இன்வேட்டரை முதல் நிப்பாட்டிட்டுப் பிறகு மெயினை நூருங்கோ.

இப்ப ட்ரிப் சுவிச்சைப் பற்றி ஒண்டு. "எங்கட வீட்டில 30 மில்லி ஆம்ப் ட்ரிப் சுவிச் இருக்கு, அடிச்சாலும் விழுந்திடும்" எண்டு நம்பிக்கொண்டு ஏறாதேங்கோ. அது பாக்கிறது போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமனோ எண்டு மட்டும்தான். உங்கட உடம்பால நிலத்துக்குப் போனா சமன் இல்லை, விழும். ஒரு கையில லைவ், மற்றக் கையில நியூட்ரல் எண்டா போன கரண்ட் முழுக்க திரும்பி வருது, நீங்க அதுக்கு இன்னொரு பல்ப் மாதிரித்தான், விழாது. ட்ரிப் சுவிச் இருக்கிறது மிக நல்லம், அதில இருக்கிற டெஸ்ட் பட்டனை மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாருங்கோ, விழாட்டி உடன மாத்துங்கோ.

ஏற முதல்

அலுமினிய ஏணி வேண்டாம், மரம் இல்லாட்டி பைபர். மேசைக்கு மேல கதிரை வைச்சு ஏறுறது எங்கட ஆக்களின்ர பழக்கம், சித்தப்பாவின்ர மணிக்கட்டை நினையுங்கோ. கூட ஒரு ஆள் கட்டாயம் வேணும், ஏணியைப் பிடிக்கவும் லைட்டைத் தாங்கவும். அந்த ஆளுக்கு ஒரு விசயம் சொல்லி வையுங்கோ: எனக்கு கரண்ட் அடிச்சா என்னைப் பிடிச்சு இழுக்காத, ஓடிப்போய் மெயினைப் பார், பிறகு 1990 அம்புலன்ஸுக்கு அடி. பிடிச்சு இழுக்கிற ஆளும் சேந்துதான் மாட்டுப்படும்.

மல்டிமீட்டரை ஏ.சி. வோல்டேஜில ஆகக் கூடின ரேஞ்சில வைச்சு, மெயினை நூக்க முதல் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில குத்திப் பாருங்கோ. 230க்குக் கிட்டக் காட்டினா மீட்டர் வேலை செய்யுது. இதுக்குப் பிறகுதான் மெயினை நூத்திட்டு மேல ஏறுறது.

மூடியைக் கழட்டி, வயருக்குக் கை படாம மீட்டரின்ர ரெண்டு நுனியையும் ஒவ்வொரு சோடியிலயும் வைச்சுப் பாருங்கோ: லைவும் நியூட்ரலும், லைவும் எர்த்தும், நியூட்ரலும் எர்த்தும். இதைச் செய்யேக்க சுவத்துச் சுவிச் போட்ட நிலையில இருக்க வேணும், பிறகு நூத்த நிலையிலயும் ஒருக்கா பாருங்கோ. சுவிச் நூந்திருந்தா அதுக்கு அங்கால இருக்கிற கரண்டை நீங்க காணாம விட்டிடுவீங்க. எல்லாம் பூச்சியத்துக்குக் கிட்ட வர வேணும். மெயின் நூந்திருக்கேக்க ஏதாவது ஒரு சோடியில நல்லா வோல்ட் காட்டினா வேற எங்கயோ இருந்து கரண்ட் வருது எண்டு அர்த்தம், இறங்குங்கோ, அண்டைக்கு வேலை இல்லை.

பூச்சியம் காட்டின பிறகும் ஒரு படி மிச்சம் இருக்கு, இதைத்தான் கனபேர் விடுறது. மீட்டர் இன்னும் வேலை செய்யுதோ எண்டு திரும்பப் பாக்க வேணும், ஏனெண்டா வயர் கழண்ட மீட்டரும் பற்றரி செத்த மீட்டரும் கூட கரண்ட் இல்லையெண்டுதான் சொல்லும். வீட்டில கரண்ட் இல்லையே, எதில பாக்கிறது? கொம்பியூட்டர் யூ.பி.எஸ். இருந்தா பிளக்கைக் கழட்டிட்டு பற்றரியில ஓட விட்டு அதின்ர அவுட்லெட்டில பாருங்கோ, இல்லாட்டி பக்கத்து வீட்டுப் பிளக். அஞ்சு நிமிச வேலை.

கழட்டுறது

தொட முதல் போனால நாலு பக்கத்திலயும் போட்டோ எடுங்கோ, எந்த வயர் எந்த ஓட்டைக்குள்ள போகுதெண்டு தெரியிற மாதிரி. பழைய வீடுகள்ல சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புது வயரிங்கில பிறவுண் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் கோடு எர்த். எண்டாலும் நிறத்தைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ, பாஸுக்கு அண்டைக்குக் கையில சிவப்பு முடிஞ்சிருந்தா என்ன நிறம் இருந்ததோ அதைத்தான் இழுத்திருப்பார்.

ரெண்டே ரெண்டு வயரும் ஒரு எர்த்தும் மட்டும் வந்திருந்தா உங்களுக்கு அதிஷ்டம், நேர மாத்தி நேரப் பூட்டலாம். ஒரு ஓட்டைக்குள்ள ரெண்டு மூண்டு வயர் சேந்து இருந்தா அதுதான் நான் மேல சொன்ன லூப். இதில புது ஆக்கள் விடுற பிழை ஒண்டு இருக்கு: எல்லாத்தையும் கழட்டிட்டு பிறகு சிவப்பெல்லாம் ஒரு கட்டு, கறுப்பெல்லாம் ஒரு கட்டு எண்டு முறுக்கிறது. சுவிச்சில இருந்து திரும்பி வாற வயர் சில வீட்டில கறுப்பாத்தான் இருக்கும், அதை நியூட்ரலோட சேத்தா சுவிச்சைப் போட்ட உடன லைவும் நியூட்ரலும் நேர முட்டி பிரேக்கர் படாரெண்டு விழும். ஒரு ஓட்டையில சேந்து இருந்தது சேந்தே இருக்க வேணும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் டேப் துண்டு ஒட்டி ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு எழுதுங்கோ, பழைய லைட்டுக்குப் போன ரெண்டு வயர் எந்தக் கூட்டத்தில இருந்து போனதெண்டும் எழுதுங்கோ. புது லைட்டும் அதே ரெண்டு கூட்டத்தில இருந்துதான் எடுக்கும்.

லைட்டை வயர்ல தொங்க விடாதேங்கோ, ஸ்க்ரூவைக் கழட்டுற நேரம் மற்ற ஆள் தாங்கிப் பிடிக்க வேணும்.

புதுசு பூட்டுறது

புது லைட்டின்ர தட்டு பழைய ஓட்டைக்குச் சரி வந்தா டிரில் வேலையே இல்லை, கன பிராக்கெட்டில நீளமான வெட்டு இருக்கும், கொஞ்சம் திருப்பிப் பாருங்கோ. கொங்கிரீட்டில புது ஓட்டை போடத்தான் வேணுமெண்டா வயர் வாற குழாய் எந்தப் பக்கத்தால வருதெண்டு பாத்து அந்த நேர்கோட்டை விட்டு விலத்திப் போடுங்கோ, 6 மில்லிமீட்டர் பிட், அதுக்குச் சரியான ரோல் பிளக், கண்ணுக்குக் கண்ணாடி. மெயின் நூந்திருக்கெண்டபடியா பற்றரி டிரில்தான் வேணும், இதை மறந்து வேலையின்ர நடுவில நிண்டு யோசிக்கிறது வழமை. பற்றரி டிரில் இல்லாட்டி முதல் நாளே பாத்து இரவல் வாங்குங்கோ, வயர் திறந்தபடி இருக்கேக்க டிரில் ஓட்டுறதுக்காக மெயினைப் போடுற வேலை வேண்டவே வேண்டாம். பலகைச் சீலிங்கெண்டா உள்ள ஓடுற சட்டத்தைத் தேடி அதிலதான் ஸ்க்ரூ ஏறோணும், பிளாஸ்டிக் பனல் தனியப் பாரம் தாங்காது. கண்ணாடி குலை மாதிரிப் பாரமான அலங்கார லைட்டை இந்த வழியில பூட்டாதேங்கோ, அதுக்கு சீலிங் ஃபான் தொங்குற மாதிரி கொங்கிரீட்டுக்குள்ள கொழுக்கி வேணும்.

வயர் முனையை எட்டுத் தொடக்கம் பத்து மில்லிமீட்டர் சீவுங்கோ. கூடச் சீவினா கனெக்டருக்கு வெளிய செப்புத் தெரியும், குறையச் சீவினா ஸ்க்ரூ இன்சுலேசனில பிடிச்சுக்கொண்டு நிக்கும், கொஞ்ச நாளில சூடேறிக் கருகும். லைட் லைனுக்கு இங்க வழமையாப் போடுறது ஒன் பை ஒன் தேர்ட்டீன் எண்டு கடையில சொல்லுற ஒத்தைக் கம்பி வயர், அது மெல்லிசு, கத்தியால சீவேக்க கம்பியில வெட்டு விழுந்தா பிறகு அந்த இடத்தில முறியும். லைட்டில இருந்து வாற பல இழை வயரை நல்லா முறுக்கி உள்ள விடுங்கோ, ஒரு இழை கூட வெளிய நிக்கப்படாது.

எர்த்தை முதல்ல பூட்டுங்கோ, பிறகு நியூட்ரல், கடைசியா லைவ். ஸ்க்ரூ டைப் ஹோல்டரெண்டா லைவ் நடுவில இருக்கிற தகட்டுக்கு, நியூட்ரல் சுத்தியிருக்கிற புரிக்கு, இது மாறினா பல்ப் மாத்துற ஆளின்ர விரல் கரண்டில படும். ஒவ்வொரு வயரையும் இறுக்கின பிறகு மெல்லமா இழுத்துப் பாருங்கோ, வந்தா திரும்ப இறுக்குங்கோ. முறுக்கி டேப் மட்டும் சுத்தி விடுறது கண்டபாட்டுக்கு நடக்குது, எங்கட வெக்கைக்கு அந்தப் பசை உருகி டேப் கழண்டு வரும், பழைய லைட் கழட்டின ஆக்களுக்கு அந்தக் கறுப்புப் பசை கையில ஒட்டின அனுபவம் இருக்கும். கனெக்டர்தான் சரி. மூடியைப் பூட்டேக்க வயர் தட்டுக்கும் சீலிங்குக்கும் இடையில நசியாம உள்ளுக்குள்ள மடிச்சு வையுங்கோ.

மெயினைப் போடுறது

ஏணியை எடுத்திட்டு, சுவத்துச் சுவிச் நூந்த நிலையில மெயினைப் போடுங்கோ. உடன ட்ரிப் சுவிச் விழுந்தா பெரும்பாலும் எர்த்தில ஏதோ ஒரு வயர் முட்டுது, நியூட்ரல் முட்டினாலும் விழும். சுவிச்சைப் போட்ட பிறகு பிரேக்கர் விழுந்தா லூப் வயர் மாறிப் போச்சு, போட்டோவைப் பாருங்கோ. ஒரு தரம் விழுந்தா திரும்பத் திரும்பத் தூக்கிப் போடாதேங்கோ, மெயினை நூத்து, மீட்டரால பாத்து, பிறகு மூடியைக் கழட்டுறது, முதல் தரம் செஞ்ச அதே ஒழுங்கு.

லைட் எரியுது ஆனா அடுத்த அறை லைட் எரியேல்லையெண்டா லூப்பில ஒரு வயர் கழண்டிட்டுது. சுவிச்சை நூத்த பிறகும் எல்.ஈ.டி. இருட்டில மெல்லிசா மினுங்கினா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்டு அந்தச் சுவிச்சில சிவப்பா எரியிற குட்டி இண்டிகேட்டர் இருக்கு, அதுக்குள்ளால போற சின்னக் கரண்ட் காணும் எல்.ஈ.டி. மினுங்க, அதால ஆபத்து இல்லை. மற்றது, சுவிச் நியூட்ரல்ல இருக்கு. இண்டிகேட்டர் இல்லாத சுவிச்சில மினுங்குதெண்டா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைப் பாக்கச் சொல்லுங்கோ, சுவிச்சை லைவுக்கு மாத்துறது அவருக்குச் சின்ன வேலை.

அரை மணித்தியாலம் எரிய விட்டிட்டு கிட்டப் போய் மணந்து பாருங்கோ. கருகின மணம் இல்லை, இரைச்சல் இல்லையெண்டா சரி. கழட்டினது பழைய சுருள் சி.எஃப்.எல். இல்லாட்டி டியூப் லைட்டெண்டா உடைக்காமல் வையுங்கோ, உள்ள மேர்க்குரி இருக்கு, குப்பைப் பையோட போடுறதில்லை.

நான் எங்கட ஹோல் லைட்டை மாத்தினபோது மூடியின்ர உள்பக்கத்தில மார்க்கரால எழுதி வைச்சனான்: மாத்தின திகதி, எத்தினை வயர் வருது, எது சுவிச்சில இருந்து வாறது, "லூப் லைவ் இருக்கு, மெயினை நூத்திட்டுத் தொடுங்கோ" எண்டு. நாங்க அந்த வீட்டை விட்டு வந்து இப்ப மூண்டு வருசம், அங்க இப்ப ஆர் இருக்கினமெண்டு தெரியாது. அந்த எழுத்து இன்னும் அதுக்குள்ள இருக்கும்.